மணிக்கட்டோடு நின்ற அரிப்பு: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நோயாளி என்னிடம் வந்தது ஜூன் மாதக் கடைசி வாரத்தில். வயது 29. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் நார்த்டேல் பகுதியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம்.

சொன்ன குறை ஒரே வரி. “காலையில கனூ ஓட்டிட்டு வந்தா கை ரெண்டும் அரிக்குது டாக்டர்.”

எங்கள் ஊரில் இதைக் கேட்கிற எந்த டாக்டருக்கும் உடனே ஒரு நோயின் பெயர்தான் வாயில் வரும். எனக்கும் அதுதான் வந்தது. அது தப்பு என்று புரிய எனக்கு ஆறு வாரம் பிடித்தது. புரிய வைத்தவர் டீச்சரின் ஆயா, அதாவது பாட்டி.

முதலில் கனூ என்ற துடுப்புப் படகு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை, ம்சுண்டூசி ஆற்றில் இறங்கி ம்ங்கேனி ஆற்றோடு கடலைத் தொடும் டூசி கனூ போட்டி இங்கே ஒரு திருவிழா மாதிரி. 1951-இல் தொடங்கியது. முதல் போட்டியில் எட்டுப் பேர் கிளம்பி, இயன் பிளேயர் ஒருவர் மட்டும் டர்பன் போய்ச் சேர்ந்தார், அதுவும் ஆறு நாளுக்கு மேல் எடுத்து. இப்போது மூன்று நாள், சுமார் 120 கிலோமீட்டர். போட்டி கோடையில், பிப்ரவரி வாக்கில் நடக்கும். ஆனால் முதல் தடவை இறங்குகிறவர்கள் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுவார்கள். டீச்சரும் அப்படித்தான். மே மாதத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு நான்கு நாள், விடியற்காலை 5:45-க்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேம்ப்ஸ் டிரிஃப்ட் கால்வாயில் துடுப்புப் போடுவார். 6:45-க்குக் கரையேறி, காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், 7:30-க்குப் பள்ளியில் நிற்க வேண்டும்.

அரிப்பு வருவது காரில். ஸ்டியரிங்கைப் பிடித்த ஐந்து பத்து நிமிடத்தில் புறங்கையும் விரல்களின் மேல்பக்கமும் சிவந்து, கொசுக் கடித்தாற்போலத் தடித்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மோதிரம் இறுகும் அளவுக்கு வீங்கும். உள்ளங்கையில் அவ்வளவாக இல்லை. மணிக்கட்டில் ஜாக்கெட்டின் ரப்பர் பட்டை பிடிக்கும் இடத்தோடு கோடு போட்டாற்போல நின்றுவிடும். முதல் மணி அடிப்பதற்குள் எல்லாம் மறைந்து கை பழையபடி ஆகிவிடும்.

என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது மாலை 4 மணி. கையில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆற்றின் மேல் போட்ட பழி

இங்கே ஆற்றுத் தண்ணீர் பட்டு அரித்தால் அதற்குப் பெயர் பில்ஹார்சியா. ஜுலு மொழியில் இதற்குத் தனிப்பெயரே இருக்கிறது, இசிச்செனெனே என்பார்கள். அந்த நடு ‘ச்’ நம்முடைய ச் இல்லை. நாக்கைப் பல்லில் ஒட்டிச் சொடுக்க வேண்டும். இருபது வருடம் ஆகியும் எனக்கு வரவில்லை, என் நர்ஸ் இன்னும் சிரிக்கிறார்.

நத்தையின் உடம்பிலிருந்து வெளிவரும் செர்க்கேரியா என்ற நுண்புழு, தண்ணீரில் நிற்கிற மனிதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளைத்த இடத்தில் சில மணி நேரத்துக்குள் அரிப்பும் சிறு சிறு பருக்களும் வரும். அதைக் கவனிக்காமலே போகிறவர்கள்தான் அதிகம். சில வாரம் கழித்துக் காய்ச்சல் வரலாம். அதற்குப் பல வாரங்களுக்குப் பின் சிறுநீரில் இரத்தம். இந்த மாகாணத்தின் தாழ்வான கடலோரப் பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சளிக்காய்ச்சல் மாதிரிப் பழக்கமான விஷயம்.

போதாக்குறைக்கு ம்சுண்டூசி ஆற்றுக்குப் பெயரும் நல்ல பெயர் இல்லை. சாக்கடை கலக்கும். போட்டிக்குப் பிறகு வயிற்றைக் கலக்குவதற்கு ‘டூசி வயிறு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் ஆற்றில் கலந்து மீன்கள் செத்து மிதந்ததை ஊரே பார்த்தது. ஆகவே ‘அந்தத் தண்ணிதான்’ என்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

இரத்தம் எடுத்து அனுப்பினேன். பில்ஹார்சியா எதிர்ப்பொருள் பாசிட்டிவ். சிறுநீரை நண்பகல் வாக்கில் பிடித்துவரச் சொன்னேன், புழுவின் முட்டைகள் அதிகம் வெளியேறுவது காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான். முட்டை இல்லை, இரத்தமும் இல்லை. புழு இருந்தால் இரத்தத்தில் பெருகக்கூடிய ஈசினோஃபில் அணுக்களும் சாதாரண அளவில்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்றால் வாழ்க்கையில் எப்போதோ புழு உள்ளே போயிருக்கிறது என்றுதான் பொருள். வருடக்கணக்கில் அது இரத்தத்தில் இருக்கும். டீச்சரின் அம்மா வழிச் சொந்தம் கடலோர ஊரான டோங்காட் பக்கம். சின்ன வயதில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் லீவுக்கும் அங்கே ஓடையில் ஊறிக் கிடந்தவர். இந்த ரிசல்ட் அந்த ஓடையுடையது, இந்தக் கால்வாயுடையது ஆக வேண்டும் என்று இல்லை.

புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் கொடுத்தேன். கிலோவுக்கு 40 மில்லிகிராம், அவர் எடை 60 கிலோ, ஆக 600 மில்லிகிராம் மாத்திரை நான்கு, ஒரே வேளையாக. முன்பு மருந்து எடுக்காதவருக்குப் பாசிட்டிவ் வந்தால் கொடுப்பது நியாயம்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. மாத்திரையை எழுதிக் கொடுத்ததும் என் மூளை கடையை மூடிவிட்டது பாருங்கள், அதுதான் உறுத்துகிறது.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். அரிப்பு அப்படியே இருந்தது.

பதினொரு காலைகள்

சரி, இனிமேல் ஒழுங்காகப் பார்ப்போம் என்று ஒரு நோட்டில் தினமும் எழுதச் சொன்னேன். டீச்சர் அல்லவா, கட்டம் போட்டு, சிவப்புப் பேனாவில் எழுதிக் கொண்டுவந்தார். செல்போனில் படமும் எடுத்திருந்தார். ஒரு படம் காலை 6:52-க்கு: புறங்கை முழுவதும் வெளிறிய மேடுகள், சுற்றிலும் சிவப்பு, விரல் கணுக்களின் சுருக்கமே தெரியவில்லை. அடுத்த படம் 7:40: ஒன்றுமே இல்லை.

இந்த இரண்டு படம் போதும், செர்க்கேரியாவை வழியனுப்பிவிடலாம். புழு துளைத்த பரு நாள்கணக்கில் கிடக்கும், முக்கால் மணி நேரத்தில் மாயமாகாது. ஒரு மணி நேரத்துக்குள் எழும்பித் தடம் இல்லாமல் போவது தடிப்பு, நம் ஊரில் காணாக்கடி என்கிறோமே, அது. கடித்த பூச்சியைக் காணோம் என்பதால் வந்த பெயர். மருத்துவத்தில் அர்ட்டிகேரியா.

நேரமும் பொருந்தவில்லை. மனிதர்களைப் பிடிக்கும் செர்க்கேரியா நத்தையை விட்டு வெளியே வருவதற்கு வெளிச்சமும் வெதுவெதுப்பும் வேண்டும். நடுப்பகல்தான் அதன் உச்சம், கோடைதான் அதன் காலம். ஜூலை மாதம், சூரியன் எழாத நேரம், மூடுபனி மிதக்கிற கால்வாய், இதைவிடப் பாதுகாப்பான நேரம் ஒன்றை அந்தப் புழுவின் எதிரியே தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

ஆனாலும் நோட்டில் ஒரு வரி என்னைத் திரும்பவும் திசைதிருப்பியது. பதினொரு காலைகளில் எட்டு நாள் அரிப்பு, மூன்று நாள் இல்லை. இல்லாத மூன்றில் ஒரு நாள் அவர் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை, உள்ளே பருத்திக் கையுறையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார். ஆகா, அப்படியானால் கையில் படுகிற ஏதோ ஒன்று! துடுப்பின் தண்டில் சுற்றியிருக்கும் டேப், அதன் பசை, கார்பன் தண்டின் எபாக்ஸி, வழுக்காமல் இருக்கப் பூசும் மெழுகு என்று ஒரு பட்டியலே போட்டேன். கையுறை எல்லாவற்றையும்தானே தடுக்கும்? தண்ணீரை, பசையை, காற்றை, குளிரை. இந்தச் சந்தேகம் எனக்கு அன்றைக்கு வரவில்லை.

பசைக்கு ஒவ்வாமை என்றால் அது உள்ளங்கையில் அல்லவா வர வேண்டும், பிடிக்கிற இடம் அதுதானே. அதுவும் ஒன்றிரண்டு நாள் கழித்து, நீர்க்கொப்புளமாக, தோல் உரிந்து. இப்படி வந்து போகாது. எழுதும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது.

மற்ற இரண்டு நாளும் பக்கத்துப் பக்கத்து நாள்கள். ‘பெர்க் காற்று’ என்று எழுதி வைத்திருந்தார். டிராகன்ஸ்பெர்க் மலையிலிருந்து குளிர்காலத்தில் திடீரென்று இறங்கும் காய்ந்த வெப்பக் காற்று அது. ஜூலையிலும் ஃபேன் போட வைத்துவிடும். அந்த இரண்டு காலைகளிலும் அவர் டி-ஷர்ட்டோடு ஓட்டினார். அதே கால்வாய், அதே துடுப்பு, அதே டேப். நான் படித்தேன், பக்கத்தைத் திருப்பினேன்.

ஆயா சொன்னது

ஆகஸ்ட் முதல் வாரம் டீச்சர் தன் ஆயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார், ஆயாவுக்குப் பிரஷர் பார்க்க. ஆயாவுக்கு 81 வயது. அவருடைய தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து கரும்புக் காட்டுக்கு வந்தவர். நான் ராணிப்பேட்டைப் பக்கம் பிறந்தவன். அதனால் என்னிடம் வந்தால் அவருக்குத் தமிழ் பேச ஓர் ஆள். பேத்திக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும்.

பிரஷர் பார்த்து முடித்ததும் ஆயா பேத்தியின் கையைப் பிடித்து என் மேஜைமேல் வைத்தார்.

“இதுக்கு இன்னா மருந்து குடுத்தே தம்பி?”

சொன்னேன்.

“பூச்சி மாத்திரையா? இது பூச்சி இல்லே. நான் அம்மா வந்துட்டாளோன்னு பயந்து போயிட்டேன்.”

நடந்தது இது. இங்கே ஆடி மாதம் நடுக்குளிர்காலம். மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் பூஜை அப்போதுதான். பேத்தியின் கை அரிப்பைப் பார்த்த ஆயா, பூஜைக்கு வைத்த மஞ்சள் தண்ணீரில், சிரிங்கா இலை போட்டு, அவர் கைகளை முக்கி வைத்திருக்கிறார். முதலில் கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே வேப்பமரம் கிடைக்கவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த சிரிங்கா கிடைத்தது, அதுவே வேப்பிலையாகிவிட்டது. இன்றைக்கும் அம்மன் கோயில்களில் சிரிங்காக் கொத்துதான்.

“ஆற வெச்ச தண்ணியா ஆயா, சுட வெச்சதா?”

“வெளியே தொட்டியில ராத்திரி பூரா இருந்த தண்ணி. ஐஸாட்டம் இருந்துச்சி. அஞ்சு நிமிசம் வெச்சா. எடுத்துத் தொடைச்சேன், கையி ரெண்டும் இட்லி மாதிரி ஊதிப்போச்சி. ஆத்துத் தண்ணி இல்லே தம்பி அது. கார்ப்பரேசன் தண்ணி.”

அதோடு நிறுத்தவில்லை. “ஃப்ரீசர்லேந்து கோழி எடுத்தாலும் இப்படித்தான் ஆவுது. ஒரு மாசமா பாக்கறேன். இவ சொன்னாளா உனக்கு?”

டீச்சர் சொல்லவில்லை. கோழிக்கும் கனூவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

பெர்க் காற்று வீசிய இரண்டு நாள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நோட்டை வாங்கி, மறுபடி பார்த்தேன். அந்த வகை கனூவில் இடுப்புக்குக் கீழே எல்லாம் உறைக்குள், மேலே ஜாக்கெட். துடுப்பைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தண்டு வழியாக வழிந்து கையை நனைக்கும். 5 டிகிரிக் காற்று அந்த ஈரத்தின்மேல் ஒரு மணி நேரம் அடிக்கும். உடம்பில் நனைந்து, குளிர்ந்து, காற்றில் திறந்து கிடக்கிற ஒரே இடம் கை. அரிப்பு மணிக்கட்டில் நின்றதற்குக் காரணம் கையில் இல்லை, ஜாக்கெட்டின் கைநுனியில். உள்ளங்கை தப்பித்தது தண்டைப் பிடித்திருந்ததாலும் அங்கே தோல் தடிமனாக இருப்பதாலும்.

கன்னமும் சிவக்குமா என்று கேட்டேன். “ஆமா, அது காத்துனால வர்றதுதானே?” என்றார்.

ஐஸ் கட்டிப் பரிசோதனை

குளிர் பட்டு வரும் காணாக்கடியை, அதாவது குளிர் காணாக்கடியைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் வேண்டாம். ஆனால் அலர்ஜி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் பரிசோதனை பொய் சொல்லும். டீச்சர் அரிப்புக்காகத் தானே கடையில் வாங்கி அவ்வப்போது போட்டிருந்தார். அதை நிறுத்தச் சொல்லி ஒரு வாரம் கழித்து வரவழைத்தேன்.

ஐஸ் கட்டியை மெல்லிய பிளாஸ்டிக் பையில், கொஞ்சம் தண்ணீரோடு போட்டு, முன்கையின் உள்பக்கத்தில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். ஐஸை நேரடியாகத் தோலில் வைத்தால் குளிர்ப்புண் ஆகிவிடும். எடுத்த பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடம் முக்கியம். தடிப்பு எழும்புவது தோல் திரும்பச் சூடேறும்போதுதான். கனூவில் இல்லாத அரிப்பு காரில் ஹீட்டர் போட்ட பிறகு ஏன் வந்தது என்பதற்கும் இதுவே பதில். கடும் ஒவ்வாமை வந்தால் போடுவதற்குப் பக்கத்தில் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்திருந்தேன், அது இல்லாமல் இந்தப் பரிசோதனையைச் செய்யக்கூடாது.

ஐஸை எடுத்த நான்காவது நிமிடத்திலேயே சிவப்பு வட்டம் கட்டியது. எட்டாவது நிமிடத்தில் ஐஸ் கட்டியின் அதே சதுரம், நான்கு மூலையோடு, தோலின்மேல் மேடாக எழுந்து நின்றது. தீப்பெட்டியை ஒட்டி வைத்தாற்போல. ஆயா எட்டிப் பார்த்து, “நான் சொன்னேன் இல்லே” என்றார்.

அப்புறம் வேறு நாளில் நேரத்தைக் குறைத்துப் பார்த்தோம். மூன்று நிமிடத்துக்கும் தடித்தது, இரண்டு நிமிடத்துக்கும் தடித்தது, ஒரு நிமிடத்துக்கு இல்லை. எவ்வளவு குறைந்த நேரத்தில் தடிக்கிறதோ அவ்வளவு உக்கிரம். இரண்டு நிமிடம் என்பது நல்ல செய்தி அல்ல.

வேறு எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய 35 டிகிரித் தண்ணீரில் நனைத்த துணியை இருபது நிமிடம் மார்பில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை, அதாவது தண்ணீரே ஆகாத அபூர்வ வகை இது இல்லை. தோலில் கோடு கிழித்தும் தடிக்கவில்லை. விரல் வெளுத்து நீலமாகும் ரேனோ கோளாறின் அறிகுறியும் கிடையாது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இல்லை. பிறவியிலேயே வரும் சில வகைகளில் ஐஸ் பரிசோதனை நெகட்டிவாகவே இருந்துவிடும், ஆனால் அவை சின்ன வயதிலிருந்தே தொடரும்.

இரத்தப் பரிசோதனைகளில் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி இரண்டும் நெகட்டிவ். கிரையோகுளோபுலின் என்ற, குளிரில் திரளும் புரதத்துக்கும் பார்த்தேன். இதற்கு இரத்தத்தை 37 டிகிரிச் சூட்டிலேயே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆறிவிட்டால் தேடுகிற பொருள் குழாயின் அடியில் தங்கி, ரிசல்ட் பொய்யாக நெகட்டிவ் ஆகிவிடும். வெந்நீர் ஊற்றிய ஃபிளாஸ்கில் குழாயை வைத்து நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதுவும் நெகட்டிவ். காரணம் தெரியாத, இடையில் வந்த குளிர் காணாக்கடி. இளம் வயதினரிடையே, அதிலும் பெண்களிடம் கொஞ்சம் அதிகமாக வருவது. பலருக்குச் சில வருடங்களில் தானாக அடங்கும்.

கேட்காமல் விட்ட கேள்வி

நோயின் பெயர் கிடைத்ததும் எனக்கு நிம்மதிக்குப் பதிலாகப் பயம்தான் வந்தது. முதல் நாளே நான் அவரிடம், “ஆத்துல நீந்துவீங்களா?” என்று கேட்டிருந்தேன். “இல்லை, கனூ மட்டும்தான்” என்றார். குறிப்பில் ‘நீச்சல் இல்லை’ என்று எழுதிவைத்தேன்.

கனூக்காரர்களின் பேச்சில் ஸ்விம் எடுப்பது என்றால் கவிழ்வது. என் நர்ஸின் மகன் கனூ ஓட்டுகிறவன். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மறுபடி கேட்டேன்: “ஸ்விம் எடுத்திருக்கீங்களா?”

“ஓ, அதுவா? நிறைய! புதுசா ஓட்டுறவங்க எல்லாருமே எடுப்பாங்க.”

ஜூனில் ஒரு தடவை கால்வாய் நடுவில் கவிழ்ந்து, படகைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வர நான்கைந்து நிமிடம் ஆகியிருக்கிறது. கரையேறியதும் தலைசுற்றல், காது அடைப்பு, கண் இருட்டு, வயிறு முழுக்க அரிப்பு. பயத்தில் வந்தது என்று தோழிகள் சொல்லிவிட்டார்கள். படுக்க வைத்து, போர்வை போர்த்தி, சர்க்கரை போட்ட டீ கொடுத்தார்கள். படுக்க வைத்ததுதான் அன்றைக்குச் செய்த சரியான வைத்தியம்.

கை மட்டும் குளிர்ந்தால் கையில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமை அணுக்கள் மட்டும் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினைக் கக்கும். அரிக்கும், போகும். முழு உடம்பும் ஒரே நேரத்தில் குளிர்ந்த நீரில் இறங்கினால் தோல் முழுவதும் சேர்ந்து கக்கும். இரத்தக்குழாய்கள் விரிந்து, பிரஷர் சரிந்து, மயக்கம் வரும். தரையில் மயங்குவது வேறு, தண்ணீரில் மயங்குவது வேறு. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் காரணம் புரியாமல் மூழ்கிப்போவதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்று 1936-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்ட்டனும் அவர் சகாக்களும் எழுதியிருக்கிறார்கள். குளிர் காணாக்கடி உள்ளவர்களை அண்மையில் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் இப்படி உடம்பு தழுவிய எதிர்வினையை ஒரு முறையாவது சந்தித்திருந்தார்கள். அதற்குப் பெரிய காரணம் தண்ணீரில் இறங்குவது.

இன்னொரு கேள்வியும் பாக்கி இருந்தது. ஐஸ்கிரீம் சாப்பிட்டால் உதடு, நாக்கு தடிக்குமா? “மில்க்‌ஷேக் குடிச்சா உதடு கூசும், கொஞ்சம் பெரிசாகும்.” அதுவும் அபாயக் கணக்கில் சேருகிற விஷயம்.

எழுந்து போகும்போது கதவருகே நின்று சொன்னார்: டிசம்பரில் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் கேப்டவுன் டூர். “கடல்ல குளிக்கலாம் இல்லையா டாக்டர், அது கோடைதானே?”

டர்பன்காரர்களின் கணக்கு இது. டர்பன் கரையில் இந்துமாக் கடலின் வெந்நீரோட்டம், குளிர்காலத்திலும் நீர் 20 டிகிரியைச் சுற்றியே இருக்கும். கேப்டவுனின் அட்லாண்டிக் பக்கமோ தலைகீழ். கோடையில் அடிக்கும் தென்கிழக்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும். டிசம்பர் வெயிலில் மணல் காலைச் சுடும், அலை 12 டிகிரியில் இருக்கும். அவரைத் திரும்ப உட்கார வைத்தேன்.

சிகிச்சை

செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை 10 மில்லிகிராம், தினமும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும். அரிக்கும்போது மட்டும் போடுவதால் இதில் பெரிய பயனில்லை. இரண்டு வாரம் கழித்து ஐஸ் வைத்தோம். இரண்டு நிமிடத்துக்குத் தடிக்கவில்லை, ஐந்து நிமிடத்துக்குத் தடித்தது. 20 மில்லிகிராமாக உயர்த்தினேன். இந்த நோயில் வழக்கமான அளவைப் போல நான்கு மடங்கு வரை போகலாம், ஆனால் அது டாக்டர் பார்வையில்தான். அடுத்த பரிசோதனையில் ஐந்து நிமிடத்துக்கும் வெறும் சிவப்பு. மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு ஓமாலிசுமாப் ஊசி இருக்கிறது. விலையைக் கேட்டால் அதற்கே மயக்கம் வரும். இவருக்குத் தேவைப்படவில்லை.

அட்ரினலின் விஷயம் கொஞ்சம் சிரமப்பட்டது. தொடையில் அழுத்தினால் தானே இறங்கும் பேனா விலை அதிகம், மருந்துக்கடையில் எப்போதும் கிடைப்பதும் இல்லை. ஆகவே மருந்து அடைத்த ஆம்பூல், சிரிஞ்சு, ஊசி மூன்றையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்து, டீச்சருக்கும் அவர் தம்பிக்கும் அரை மில்லி இழுத்து வெளித்தொடையில் போடக் கற்றுக்கொடுத்தேன். ஆரஞ்சுப் பழத்தில் பழகினார்கள். தம்பிக்குக் கை நடுங்கவில்லை, அக்காவுக்குத்தான் நடுங்கியது.

விதிகள்: தனியாகத் தண்ணீரில் இல்லை. குளிர்காலப் பயிற்சி இல்லை. திடீரென்று குதிப்பது எங்குமே இல்லை, நீச்சல் குளத்திலும். உயிர்காப்பு ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறக்கூடாது. உடன் வருகிறவருக்கு நோயின் பெயரும் டப்பா இருக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். எப்போதாவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும், அறைக் குளிரும் சூடேற்றாத சலைனும்கூட இவர்களுக்கு ஆகாது. கேப்டவுனில் கடற்கரை மணல் வரைக்கும் போகலாம்.

பிப்ரவரிப் போட்டி பற்றி எங்களுக்குள் வாக்குவாதம். அவர் சொன்னார், பிப்ரவரியில் ஆறு வெதுவெதுப்பாக இருக்கும், மாத்திரையும் வேலை செய்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் மலையில் ஆலங்கட்டி மழை பெய்தால் ஒரே பிற்பகலில் ஆறு மாறிவிடும், மூன்று நாளில் எத்தனை தடவை கவிழ்வார் என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொரு டாக்டர் சம்மதித்திருக்கலாம். நான் இந்த வருடம் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு

முதலில் வந்ததிலிருந்து பதினோராம் மாதத்தில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். மாத்திரை எடுக்கும்போது கைகள் அமைதி. ஒரு வாரம் நிறுத்திவிட்டு வைத்த ஐஸ் இன்னும் தடிக்கிறது, ஆனால் இப்போது நான்கு நிமிடம் தேவைப்படுகிறது.

டூசிக்குப் போனார், கரை வழியாக. போட்டியாளருக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு வழியெங்கும் காரில் ஓடிக் காத்திருப்பவரை இங்கே செகண்ட் என்பார்கள். தோழிக்கு அவர்தான் செகண்ட். இனாண்டா அணைக்கரையில் தோழி கூல்டிரிங்க் கேட்டுக் கத்தியபோது, ஐஸ் பெட்டிக்குள் கை விட்டு பாட்டிலை எடுத்துக் கொடுத்தது தம்பி.

நார்த்டேல் வீட்டில் ஃப்ரீசர் கைப்பிடியில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை தொங்குகிறது, ஆயா பின்னியது. பேத்தி அதைப் போட மறந்துவிட்டுக் கதவைத் திறந்தால், ஆயா உட்கார்ந்த இடத்திலிருந்தே, “கையி!” என்கிறார்.